மூலிகைத் தயாரிப்புகளை வாங்குதல்: சட்டம் காப்பதும் காக்காததும்

நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாக மடித்துத் தரப்படும் சூரணம், சித்த மருத்துவர் எழுதிக்கொடுக்கும் லேகியம், மருந்துக் கடை அலமாரியில் இருக்கும் அமுக்கரா மாத்திரை, உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கப்படும் கிரீன் டீ சத்துக் குப்பி ஆகிய யாவும் பேச்சுவழக்கில் மூலிகை என்ற ஒரே பெயரைப் பெற்றிருப்பினும், இந்தியச் சட்டத்தின் பார்வையில் அவை ஒரே இனத்தவை அல்ல. அவற்றுள் சில மருந்துகள், சில உணவுகள். இன்னும் சில எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படாமலேயே கைமாறுபவை. ஒரு தயாரிப்பு இவற்றுள் எந்த வாயில் வழியாகச் சந்தைக்கு வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான், அதை யார் சோதித்திருப்பார், எதைச் சோதித்திருக்க மாட்டார் என்பதை வாங்குபவர் கணிக்க முடியும். இயற்கையானது என்ற சொல்லைக் கொண்டு அதைக் கணிக்க இயலாது.

மருந்தாக வருபவையும் உணவாக வருபவையும்

சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளை 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் ஆள்கிறது. தொடக்கத்தில் அலோபதி மருந்துகளையே மனத்தில் கொண்டிருந்த அச்சட்டத்தில், 1964-இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலமே இந்திய மருத்துவ முறைகளுக்கெனத் தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அதன்படி இம்மருந்துகள் இரு வகைப்படும். சட்டத்தின் முதல் அட்டவணையில் பெயர் சுட்டப்பட்டுள்ள நூல்களில், எடுத்துக்காட்டாகச் ‘சித்த வைத்தியத் திரட்டு’ என்ற நூலில், சொல்லப்பட்ட சரக்குகளையும் செய்முறையையும் மாற்றாமல் தயாரிக்கப்படுபவை சாத்திர மருந்துகள். அந்நூல்களில் கூறப்பட்ட சரக்குகளையே கொண்டு, ஆனால் தயாரிப்பாளர் தாமே வகுத்த கலவையாக, தமக்குரிய வணிகப் பெயரில் வெளிவருபவை தனியுரிமை மருந்துகள்.

இந்த வேறுபாடு வாங்குபவருக்கு ஏன் முக்கியமாகிறது என்றால், உரிமம் கோரும்போது காட்ட வேண்டிய சான்றுகள் இரண்டுக்கும் ஒன்றல்ல. சாத்திர மருந்து, நூலில் சொன்ன நோய்க்கே நூலில் சொன்னபடி தயாரிக்கப்படும்போது, நெடுங்கால வழக்கே அதன் பாதுகாப்புக்குச் சான்றாக ஏற்கப்படுகிறது. பெரும்பாலும் புதிய ஆய்வு கேட்கப்படுவதில்லை. தனியுரிமை மருந்துக்கோ பயன் உண்டு என்பதைக் காட்டும் சிறு ஆய்வும், நச்சுச் சரக்குகள் சேர்ந்திருந்தாலோ புதிய முறையில் சாறு பிரிக்கப்பட்டிருந்தாலோ பாதுகாப்பு ஆய்வும் தேவைப்படுகின்றன. ஆயினும் இவ்வாய்வுகள் அலோபதியில் ஒரு புதிய மருந்துக்குக் கோரப்படும் பல கட்டப் பரிசோதனைகளின் அளவுக்கு விரிந்தவை அல்ல என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

உரிமத்தை வழங்குவது மாநில அரசு. தமிழ்நாட்டில் இப்பொறுப்பு இந்திய மருத்துவத் துறையின் உரிமம் வழங்கும் அலுவலரிடம் உள்ளது. தயாரிப்புக்கூடம் எத்தகையதாக இருக்க வேண்டும், மூலச்சரக்கை எவ்வாறு சோதித்துச் சேமிக்க வேண்டும், எந்தெந்தப் பதிவேடுகள் பராமரிக்கப்பட வேண்டும் என்பவற்றை 2000-ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட அட்டவணை ‘டி’ வரையறுக்கிறது. இதனை நல்லுற்பத்தி நடைமுறை என்பர்.

இரண்டாவது வாயில் உணவுச் சட்டம். உடல்நலத் துணையுணவுகள், ஊட்டமருந்துணவுகள் ஆகியவற்றுக்கென இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-இல் விதிமுறைகளை வெளியிட்டது. அனுமதிக்கப்பட்ட தாவரங்களும் அவற்றின் நாளளவு வரம்புகளும் அவ்விதிமுறைகளின் அட்டவணையில் தரப்பட்டுள்ளன. இவ்வழியில் வரும் பொருளின் லேபிளில் 14 இலக்க உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று என்ற பொருள்படும் ஆங்கில வாசகமும் இருக்க வேண்டும். ஒரே அமுக்கரா வேர், சூரணமாகும்போது சித்த மருந்தாகவும் குப்பிக்குள் சத்தாக அடைக்கப்படும்போது துணையுணவாகவும் ஒரே கடையின் ஒரே தட்டில் அமர்ந்திருக்கக் கூடும். துணையுணவாக வந்தது எந்த நோயையும் குணப்படுத்தும் என்று சொல்லிக்கொள்ள உரிமை பெற்றதன்று. அவ்வாறு சொல்லும் புட்டி, தான் வந்த வாயிலையே மறுத்துப் பேசுகிறது.

மருந்தாக வந்ததற்கும் எல்லை உண்டு. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டம், நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட 54 நோய்களையும் உடல்நிலைகளையும் அட்டவணையிட்டு, அவற்றைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு எந்த மருந்தையும் விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. எனவே சர்க்கரை நோயை வேரறுக்கும் என்று தொலைக்காட்சியிலோ சுவரொட்டியிலோ கூவி விற்கப்படும் பொருளைப் பற்றி வேறு எதுவும் விசாரிக்க வேண்டியதில்லை. விளம்பரத்திலேயே சட்டத்தை மீறியவர் புட்டிக்குள் அதை மதித்திருப்பார் என்று நம்ப இடமில்லை.

சட்டத்தின் வலையில் உள்ள இரு பெரிய கண்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். அலோபதி மருந்தை விற்கும் கடைக்கு விற்பனை உரிமமும் மருந்தாளுநரும் தேவை; சித்த, ஆயுர்வேத மருந்தை விற்பவருக்கு விற்பனை உரிமமே தேவையில்லை. தயாரிப்பவரை மட்டுமே சட்டம் பிடித்திருக்கிறது. மேலும், தம்மிடம் வரும் நோயாளிக்கெனத் தாமே மருந்து செய்து கொடுக்கும் வைத்தியருக்கு உற்பத்தி உரிமத்திலிருந்தும் விலக்கு உண்டு. தலைமுறைகளாகக் கைமருந்து செய்துவரும் வைத்தியர்களைக் காப்பதற்கு இவ்விலக்கு தேவையானதே. ஆனால் லேபிள் இல்லாத பொட்டலங்களைத் தபாலில் ஊர் ஊராக அனுப்புபவர்களும் அதே விலக்கின் நிழலில் ஒதுங்கிக்கொள்கிறார்கள் என்பது வருத்தத்திற்குரியது.

பக்கவிளைவு அற்றது என்ற கூற்று

மூலிகை என்பதால் பக்கவிளைவு இல்லை என்ற விளம்பர வாசகம், சித்த மருத்துவ மரபு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதே இல்லை. சுக்கின் மேல்தோலையும் கடுக்காயின் கொட்டையையும் நஞ்சென்று நீக்கச் சொல்வதும், சேங்கொட்டையின் மூக்கை வெட்டி எறியச் சொல்வதும், நேர்வாளத்தின் தோலையும் உள்முளையையும் அகற்றிய பின்னரே அதைக் கையாள விடுவதும் அம்மரபின் அன்றாட நடைமுறைகள். சுத்தி எனப்படும் இத்தூய்மையாக்கும் முறைகளும், மருந்தை எதனுடன் உட்கொள்வது என்பதைச் சொல்லும் அனுபானமும், எதை விலக்குவது என்பதைச் சொல்லும் பத்தியமும், எத்தனை நாள் என்ற வரையறையும் சேர்ந்தே ஒரு மருந்து முழுமை பெறுகிறது. இவற்றைக் கழற்றிவிட்டுச் சரக்கை மட்டும் விற்பவர் மரபின் பெயரைச் சொல்கிறாரே தவிர மரபைப் பின்பற்றவில்லை.

சட்டமும் இந்த எச்சரிக்கையை ஏற்றுள்ளது. மருந்து விதிகளின் அட்டவணை ‘இ(1)’ எனப்படும் பட்டியல் நச்சுத்தன்மை உடைய சரக்குகளைத் தொகுத்துத் தருகிறது. எட்டி, குன்றிமணி, ஊமத்தை, நாபி, நேர்வாளம், அலரி, அபின் ஆகிய தாவரச் சரக்குகளும், பூரம், வீரம், லிங்கம் போன்ற பாதரசச் சரக்குகளும் அதில் அடங்கும். இவற்றுள் ஒன்றேனும் சேர்ந்த உள்மருந்தின் லேபிளில், மருத்துவக் கண்காணிப்பில் உட்கொள்ளுக என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவருக்கு அவ்வெச்சரிக்கை சென்று சேராது என்பதை விதி வகுத்தவர்கள் எண்ணியிருக்க வேண்டும். ஆகவே அவ்விரு மொழிகளும் அறியாதவர்கள் லேபிளை வேறொருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்டறிவது நல்லது.

தாவரம் மாறிப்போதல்

மூலிகையால் நேர்ந்த பெருந்தீங்குகள் பலவற்றில், தீங்கு செய்தது எண்ணிய மூலிகையன்று. அதன் இடத்தில் வந்து அமர்ந்த வேறொன்று. இதற்கு உலகம் அறிந்த சான்று பெல்ஜியத்தில் நிகழ்ந்தது. பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்க வைக்கும் மருத்துவமனை ஒன்று 1990 முதல் தன் மாத்திரைகளில் சீன மூலிகைகளைச் சேர்த்தது. சேர்க்க எண்ணியது ஸ்டெபானியா டெட்ராண்ட்ரா என்ற கொடியின் வேர். வந்து சேர்ந்ததோ சீனச் சந்தையில் ஏறத்தாழ அதே பெயரால் வழங்கும் அரிஸ்டோலோகியா ஃபாங்சி. மாத்திரை உண்ட இளம்பெண்கள் சிறுநீரகம் சுருங்கி மருத்துவமனைக்கு வரத் தொடங்கிய பின், சிறுநீரக மருத்துவர் வான்ஹெர்வேகம் குழுவினர் 1993-இல் இதை வெளிப்படுத்தினர். பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை நூறைக் கடந்தது. செயலிழந்த சிறுநீரகங்களை முன்னெச்சரிக்கையாக அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்ததாக 2000-இல் அறிவிக்கப்பட்டது. அரிஸ்டோலோகிக் அமிலம் எனும் இந்நச்சு சிறுநீரக உயிரணுக்களின் மரபுப் பொருளிலேயே ஒட்டிக்கொண்டு அதைச் சிதைப்பதால், மாத்திரையை நிறுத்திப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் நோய் தோன்றக் கூடும். அரிஸ்டோலோகியா இனத் தாவரங்கள் சேர்ந்த மூலிகை மருந்துகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் வகைப்படுத்தியது.

இது தொலைதூரத்துச் செய்தி என்று தமிழ் வாசகர் கடந்துசெல்ல முடியாது. பூச்சிக்கும் தோல்நோய்க்கும் கிராமங்களில் கொடுக்கப்படும் ஆடுதின்னாப்பாளையும், பாம்புக்கடிக்குப் பெயர்பெற்ற ஈசுரமூலியும் அதே அரிஸ்டோலோகியா இனத்தவையே. அதே அமிலத்தைக் கொண்டவையே. ஒரு வேளை உட்கொண்டவுடன் தீங்கு எதுவும் தெரியாது என்பதாலேயே நீண்டகால வழக்கு இதைக் கண்டுபிடிக்காமல் போயிற்று. இருபது ஆண்டுகளுக்குப் பின் வரும் சிறுநீரக நோயைப் பழைய கஷாயத்தோடு முடிச்சுப் போட்டுப் பார்க்கக் கண்ணறிவு மட்டும் போதாது. நெடுங்கால வழக்கே போதிய சான்று என்ற வாதம் உடனடி நஞ்சுகளைப் பொறுத்தவரை வலுவானது, மெல்ல வரும் நஞ்சுகளைப் பொறுத்தவரை வலுவற்றது. இவ்விரு தாவரங்களையும் உட்கொள்ளாமல் விடுவதே தக்கது.

சமையலறைக்குள்ளும் இந்தக் குழப்பம் நுழைவதுண்டு. பிரியாணியில் இடும் அன்னாசிப்பூவின் தோற்றத்தையே ஒத்த ஜப்பானிய வகை நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சுடையது. அன்னாசிப்பூக் கஷாயம் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு வலிப்பு வந்த செய்திகளைத் தொடர்ந்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2003-இல் எச்சரிக்கை விடுத்தது. காய்ந்து உடைந்த நிலையில் இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். கொரோனா காலத்தில் சீந்தில் பரவலாக உண்ணப்பட்டபோது, அதை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி கண்டதாக 2021-இல் மும்பை மருத்துவர்கள் எழுதினர். உண்ணப்பட்டது சீந்தில்தானா, அதை ஒத்த டினோஸ்போரா கிரிஸ்பாவா என்ற கேள்வியை ஆயுஷ் அமைச்சகம் எழுப்பியது. அவ்விவாதம் எப்படி முடிந்தாலும், வேலியில் படர்ந்த கொடியைப் பறித்து வந்து அடையாளம் சரியாகத் தெரியாமல் நாள்தோறும் கஷாயமிடுவது எத்தகைய துணிச்சல் என்பதை அது காட்டிவிட்டது. தாவரவியல் பெயரும், வேரா இலையா பட்டையா என்ற பயன்படுத்திய உறுப்பும் லேபிளில் இருப்பது அதனால்தான் இன்றியமையாதது. அமுக்கராவின் வேரையே பயன்படுத்த வேண்டும், இலையைத் தவிர்க்க வேண்டும் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021-இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியதை வைத்துப் பார்த்தால், உறுப்பின் பெயரைச் சொல்லாத அமுக்கராப் புட்டியை வாங்காமல் விடுவதே முறை.

உலோகங்களும் ஒளித்துச் சேர்க்கப்படும் மருந்துகளும்

பாஸ்டன் நகரக் கடைகளில் விற்கப்பட்ட 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்த ஆய்வொன்று, அவற்றுள் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருப்பதாக 2004-இல் வெளியிட்டது. அதனை அடுத்து, முழுக்கத் தாவரச் சரக்குகளால் ஆன ஏற்றுமதி மருந்துகளுக்குக் கன உலோகச் சோதனையை 2006 ஜனவரி முதல் இந்திய அரசு கட்டாயமாக்கியது. ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்கு, ஆர்சனிக் 3 பங்கு, பாதரசம் 1 பங்கு, காட்மியம் 0.3 பங்கு என்பவை வரம்புகள். அயலார் வாங்குவதற்கு முதலில் பூட்டப்பட்ட இக்காவல், உள்ளூரார் வாங்குவதற்கும் அன்றே பூட்டப்பட்டிருக்க வேண்டும். உலோகம் இரு வழிகளில் வருகிறது என்பதையும் பிரித்தறிய வேண்டும்: மாசுபட்ட மண்ணிலிருந்தும் அரைக்கும் கருவிகளிலிருந்தும் தற்செயலாக வருவது ஒன்று, பற்பம், செந்தூரம் போன்ற மருந்துகளில் செய்முறையின் பகுதியாகவே சேர்வது மற்றொன்று. முன்னது குற்றம். பின்னது பயிற்சி பெற்ற சித்த மருத்துவரின் கையெழுத்தும் குறிப்பிட்ட நாளளவும் இன்றி ஒருபோதும் உட்கொள்ளத் தகாதது. குழந்தைகளுக்கும் கருவுற்றோருக்கும் தாமாக வாங்கிக் கொடுப்பது அறவே கூடாது.

இவற்றினும் கொடியது, மூலிகைப் பொடிக்குள் அலோபதி மருந்தை ஒளித்துச் சேர்ப்பது. மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் விற்கப்படும் பெயரற்ற பொடிகளில் டெக்சாமெத்தசோன், பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகளும், ஆண்மைக் குறைவுக்கான லேகியங்களில் சில்டெனாஃபிலும், உடல் இளைக்கும் மாத்திரைகளில் இதயத்துக்குத் தீங்கானது என்று விலக்கப்பட்ட சிபுட்ராமினும் உலகெங்கும் பலமுறை பிடிபட்டுள்ளன. ஆண்டுக்கணக்கில் தீராத மூட்டுவலி இரண்டு நாளில் மறைவதும், பசி கூடுவதும், சில வாரங்களில் முகம் உருண்டு ஊதுவதும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் காரணமின்றி ஏறுவதும் ஸ்டீராய்டின் அடையாளங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை மிக அவசியமானது: இத்தகைய பொடியைப் பல வாரங்கள் உண்டவர், ஐயம் வந்தவுடன் அதைத் திடீரென நிறுத்திவிடக் கூடாது. வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டுக்குப் பழகிய உடல் தன் அட்ரினல் சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீர் நிறுத்தம் உயிருக்கே ஆபத்தாகலாம். பொடியைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் முறையில் படிப்படியாக விலக வேண்டும்.

சத்தும் சமையலும் ஒன்றல்ல

குழம்பில் இடும் மஞ்சளும், மஞ்சளிலிருந்து குர்குமினை மட்டும் பிரித்து, அது குடலில் எளிதில் ஏறும்படி மிளகின் பைப்பரினையும் சேர்த்து அடைத்த குப்பியும் உடலுக்கு வெவ்வேறு பொருட்கள். இத்தாலியில் 2018-19 காலத்தில் மஞ்சள் துணையுணவு உண்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி கண்டதையொட்டி அந்நாட்டு அரசு எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. கிரீன் டீயில் உள்ள முதன்மைச் சத்தான ஈ.ஜி.சி.ஜி., நாளொன்றுக்கு 800 மில்லிகிராமுக்குக் குறைவாகவே உணவுப் பொருளின் வழி உட்செல்ல வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் வரையறுத்ததற்கும் கல்லீரலே காரணம். ஆகவே முன்னோர் உண்டதுதானே என்ற ஆறுதல், முன்னோர் உண்ட வடிவுக்கும் அளவுக்கும் மட்டுமே பொருந்தும். கண் மஞ்சளாதல், சிறுநீர் கறுத்தல், அடங்காத அரிப்பு, காரணமற்ற சோர்வு ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே நிறுத்திக் கல்லீரல் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

வேறு மருந்துகளைத் தொடர்ந்து உண்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. சிறுகுறிஞ்சானும் பாகற்காய்ச் சாறும் சர்க்கரையைக் குறைக்கும் தன்மையுடையவை என்பதால், நீரிழிவு மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக் கூடும். அதிமதுரத்தைப் பல வாரங்கள் உண்டால் உடலில் பொட்டாசியம் குறைந்து இரத்த அழுத்தம் ஏறுகிறது. நீர்ப்போக்கு மாத்திரையோ இதயத்துக்கான டிகாக்சினோ உண்பவருக்கு இது இதயத்துடிப்பையே குலைக்கும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் உண்பவர், பூண்டுச் சத்தையும் ஜிங்கோ குப்பியையும் மருத்துவரைக் கேளாமல் தொடக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே துணையுணவுகளை நிறுத்துவது பொதுவான அறிவுரை. மூலிகை உண்பதை அலோபதி மருத்துவரிடம் சொன்னால் கோபிப்பார் என்று மறைப்பவர்களே இங்கு மிகுதி. கோபித்தாலும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவர் நோயையும் மருந்தின் விளைவையும் பிரித்தறிய வழியில்லை.

லேபிளும் புகாரும்

முறையான சித்த மருந்தின் லேபிளில் சித்த மருந்து என்ற குறிப்பு, தயாரிப்பாளரின் முழு முகவரி, ‘எம்.எல்.’ போன்ற முன்னொட்டுடன் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், சேர்ந்த சரக்குகள் அவற்றின் அளவுகளோடு, சாத்திர மருந்தாயின் மூலநூலின் பெயர் ஆகியவை இருக்கும். இவற்றுள் உரிம எண்ணும் தொகுதி எண்ணும் இல்லையேல், பின்னர் தீங்கு நேர்ந்தால் அதைத் தேடிச் செல்ல முகவரியே இல்லை என்று பொருள். வெளிநாடு செல்பவர்கள் இதையும் அறிந்திருப்பது நல்லது: இந்தியாவில் மருந்தாக உரிமம் பெற்ற அதே புட்டி, அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டின் சட்டப்படி துணையுணவாகவே விற்கப்படும், அங்கு விற்பனைக்கு முன் பாதுகாப்பை அரசிடம் மெய்ப்பிக்க வேண்டிய கடமை பெரும்பாலும் விற்பவருக்கு இல்லை.

தீங்கு நேர்ந்தால் முதலில் செய்ய வேண்டியது மீதமுள்ள பொருளையும் புட்டியையும் ரசீதையும் எறியாமல் வைத்திருப்பது. இந்திய மருத்துவ மருந்துகளின் எதிர்விளைவுகளைத் தொகுக்க ஆயுஷ் அமைச்சகம் நடத்தும் மருந்து விழிப்புத் திட்டத்தில் தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் ஒரு மையமாகச் செயல்படுகிறது. மருத்துவர் மூலமோ நேரடியாகவோ அங்கு தெரிவிக்கலாம். துணையுணவாக விற்கப்பட்டதாயின் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் அளிக்கலாம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கக் கொடுக்கவும், பொருள் சட்டத்துக்கு மாறானது என்று தெரியவந்தால் அக்கட்டணத்தைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. புகாரில் எந்த நாளில் உட்கொள்ளத் தொடங்கினார், எவ்வளவு உண்டார், உடன் உண்ட பிற மருந்துகள் எவை, அறிகுறி எப்போது தோன்றியது, நிறுத்திய பின் குறைந்ததா என்ற ஐந்தையும் தொகுதி எண்ணோடு எழுதித் தர வேண்டும்.